சொல், வயது, சான்று: திருப்பூர்ப் பின்னலாடை வட்டாரமும் குழந்தைப் பாலியல் குற்றத்தை மெய்ப்பிக்கும் சட்டத்தின் வரலாறும்

1951 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ‘ராமேஸ்வர் எதிர் ராஜஸ்தான் மாநிலம்’ என்ற வழக்கில் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டவள் எட்டு வயதுச் சிறுமி. சத்தியப் பிரமாணம் இன்னதென்று அவளுக்கு விளங்காததால், பிரமாணம் செய்துவைக்காமலே விசாரணை நீதிபதி அவள் சாட்சியத்தைப் பதிந்திருந்தார். அந்தச் சாட்சியம் செல்லுமா, செல்லுமென்றால் துணைச்சான்று இல்லாமல் அதை மட்டும் நம்பித் தண்டிக்கலாமா என்பதே வழக்கு. தீர்ப்பை எழுதிய நீதிபதி விவியன் போஸ், பிரமாணம் இல்லை என்பதற்காகச் சாட்சியம் செல்லாததாகிவிடாது என்றார். துணைச்சான்று தேடுவது நீதிபதியின் விவேகத்தைச் சேர்ந்தது, மீற முடியாத விதி அல்ல என்றும் சொன்னார். அந்த வழக்கில் துணைச்சான்றாக நின்றது, சம்பவத்துக்குச் சில மணி நேரம் கழித்துச் சிறுமி தன் தாயிடம் சொன்ன சொல். சம்பவம் நடந்த வேளையிலோ அதை ஒட்டியோ ஒருவர் சொன்னதைத் துணைச்சான்றாக ஏற்க 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், 157ஆம் பிரிவில், இடம் தந்திருந்தது.

ஆக, சட்டம் கேட்பதற்கு ஒருவரை எதிர்பார்த்தது. குழந்தை சொல்லும்போது அருகில் இருந்து, கேட்டதை மறவாமல், பின்னொரு நாள் கூண்டில் ஏறிச் சொல்லக்கூடிய ஒருவர். திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் காலை எட்டரைக்கு உள்ளே போகும் தாய் ‘ஒண்ணரை ஷிப்டு’ முடித்து இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருகிறாள். மாலை நாலரைக்குப் பள்ளியிலிருந்து திரும்பும் குழந்தைக்கும் அவளுக்கும் இடையில் நான்கு மணி நேரம் கிடக்கிறது. லைன் வீடுகளின் வரிசையில் அந்த நேரத்தில் வேறு எவரெவரோ இருக்கிறார்கள்.

இந்தக் கட்டுரை இரண்டு வரலாறுகளைச் சேர்த்துப் படிக்கிறது. ஒன்று, குழந்தையின் சொல்லுக்கு இந்தியச் சட்டம் படிப்படியாக மதிப்புக் கொடுத்து வந்த வரலாறு. மற்றது, அந்தச் சொல்லைக் கேட்க வேண்டியவர்களைக் குழந்தையிடமிருந்து விலக்கி, குழந்தையின் வயதையும் வேறொரு தேவைக்காகக் காகிதத்தில் எழுதிவைத்த ஒரு தொழில் வட்டாரத்தின் வரலாறு. நீதிமன்றத்தில் வழக்கு நிற்பதும் விழுவதும் இவை இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் என்பது என் வாதம்.

பத்து வயதுக் கோடு

1860இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டம், பத்து வயதுக்குட்பட்ட சிறுமியுடன் உடலுறவு கொள்வதை, அவள் சம்மதித்திருந்தாலும், கணவனே ஆனாலும், வன்புணர்ச்சி என்றது. 1890இல் கல்கத்தாவில் புல்மணி தாசி என்ற சிறுமி அவள் கணவன் ஹரி மோகன் மைத்தியால் இறந்துபோனாள். அவள் பத்து வயதைக் கடந்திருந்ததால் அவன்மீது வன்புணர்ச்சிக் குற்றம் சாட்டச் சட்டத்தில் வழியில்லை. ஓராண்டுக் கடுங்காவலோடு வழக்கு முடிந்தது. மறு ஆண்டு, 1891இல், வயது வரம்பு பன்னிரண்டானது. 1925இல் பதினான்கு, மணவாழ்வுக்குள் பதின்மூன்று.

வரம்பை உயர்த்தியும் வழக்குகள் வரவில்லை. காரணம் தேட 1928இல் மோரோபந்த் ஜோஷி தலைமையில் ஒரு குழு அமைந்தது. சென்னையிலிருந்து ஏ. ராமசாமி முதலியாரும், விக்டோரியா மருத்துவமனையின் டாக்டர் பீடனும் அதில் இருந்தார்கள். குற்றம் வீட்டுக்குள் நடக்கிறது, வீட்டார் புகார் சொல்வதில்லை, சொன்னாலும் சிறுமியின் வயதைக் காட்ட நம்பத்தக்க பதிவு இல்லை என்பதை அக்குழு கண்டது. பிறப்பையும் திருமணத்தையும் ஒழுங்காகப் பதிய வேண்டும் என்றது. ஏறத்தாழ நூறாண்டுக்கு முன் எழுதப்பட்ட அந்த முடிவுகளைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. வெளிவராமை, வயதுச் சான்று என்ற இரண்டு முடிச்சுகளும் இன்னும் அவிழவில்லை.

சொல்லுக்கு வந்த மதிப்பு

கேள்வியைப் புரிந்துகொண்டு பொருந்திய பதில் சொல்ல முடிந்த யாரும், வயது எதுவானாலும், சாட்சி சொல்லலாம் என்று 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் 118ஆம் பிரிவே சொல்லியிருந்தது. குழந்தைக்குக் கூண்டின் கதவு அன்றே திறந்துதான் இருந்தது. உள்ளே வந்தவளை எப்படி நடத்தினார்கள் என்பதே வேறு கதை. அதே சட்டத்தின் 155ஆம் பிரிவு, புகார் கூறும் பெண் ‘ஒழுக்கங்கெட்டவள்’ என்று காட்டி அவள் சொல்லைத் தகர்க்க எதிர்த்தரப்புக்கு உரிமை தந்தது. அந்த வாசகம் நீக்கப்பட 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நடுவில் மதுரா வழக்கு. 1972இல் மகாராஷ்டிரத்துக் காவல் நிலையம் ஒன்றில் மதுரா என்ற பெண்ணுக்கு நடந்த கொடுமை. மருத்துவர் அவள் வயதைப் பதினான்குக்கும் பதினாறுக்கும் இடைப்பட்டது என்று மதிப்பிட்டிருந்தார். உடலில் காயமில்லை, ஆகவே எதிர்ப்பில்லை என்று சொல்லி 1978இல் உச்ச நீதிமன்றம் இரு காவலரையும் விடுவித்தது. உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்கு எழுதிய திறந்த மடல் நாட்டை உலுக்கியது. 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதும் அப்போதுதான் குற்றமானது. 1996இல் குர்மித் சிங் வழக்கில், பாதிக்கப்பட்டவரின் சொல்லைக் குற்றக் கூட்டாளியின் சாட்சியம்போல் சந்தேகத்தோடு பார்ப்பது அவமதிப்பு என்று உச்ச நீதிமன்றம் கண்டித்தது.

இவை எல்லாம் ஆண்குறி நுழைவு என்ற ஒரே செயலைச் சுற்றியே நின்றன. சிறுவனுக்கு நடந்தால் இயற்கைக்கு மாறான உறவு பற்றிய 377ஆம் பிரிவு. சிறுமிக்கு வேறு விதமாக நடந்தால் மானபங்கம் பற்றிய 354ஆம் பிரிவு. குழந்தைகளுக்கு நடப்பவற்றில் பெரும்பகுதிக்குச் சட்டத்தில் பெயரே இல்லை. ‘சாக்ஷி’ அமைப்பின் வழக்கில் 2004இல் வரையறையை விரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. ஆனால் அதே தீர்ப்பில் விசாரணை முறையை மாற்றியது: குழந்தைக்கும் எதிரிக்கும் நடுவே திரை, குறுக்கு விசாரணைக் கேள்விகளை எழுத்தில் வாங்கி நீதிபதியே கேட்பது, நடுநடுவே ஓய்வு.

2007இல் வெளியான நடுவண் அரசின் ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசியது. 53.22 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் கொடுமையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அவர்களில் பாதிக்கு மேல் சிறுவர்கள். பெரும்பாலோர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. தமிழ்நாடு அந்தப் பதின்மூன்றில் இல்லை. சென்னையில் இந்தப் பேச்சைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்ததில் 2004இல் வித்யா ரெட்டி தொடங்கிய ‘துளிர்’ அமைப்புக்கு முதன்மையான பங்கு உண்டு.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்க 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டம் இந்த ஓடைகளை எல்லாம் ஒன்றுசேர்த்தது. பதினெட்டு வயதுக்குட்பட்ட ஆண், பெண் இருபாலரும் குழந்தை. தகவல் அறிந்த எவரும் போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. சொல்லாவிட்டால் தண்டனை என்கிறது 21. வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடையில்லாத அதிகாரி, கூடுமானவரை பெண் எஸ்.ஐ., வாங்க வேண்டும். 29ஆம் பிரிவின்படி நீதிமன்றம் குற்றம் நடந்ததாகவே அனுமானிக்கும். அரசுத்தரப்பு அடிப்படை உண்மைகளை நிறுவிய பிறகே அந்த அனுமானம் பிறக்கும் என்று உயர் நீதிமன்றங்கள் பின்னர் விளக்கின. அந்த அடிப்படை உண்மைகளில் முதலாவது, பாதிக்கப்பட்டவர் குழந்தை என்பது.

கம்பெனி, மில், ஹாஸ்டல்

திருப்பூரில் பின்னல் எந்திரங்கள் 1920-களிலேயே ஓடத் தொடங்கிவிட்டன. எழுபதுகளின் இறுதியில் ஐரோப்பிய வாங்குவோர் வந்தபின் ஊர் பெருத்தது. 1990இல் ஏற்றுமதியாளர் சங்கம் தோன்றியது. 2009இல் தனி மாவட்டம். எண்பது, தொண்ணூறுகளில் தையல்காரர் பக்கத்தில் நின்று துணியை மடித்துக் கொடுத்த ‘கைமடி’களிலும், பிசிறு வெட்டியவர்களிலும் பலர் சிறுவர் சிறுமியர். பெரியவர்கள் கூலிக்கு ஆட்சேர்த்துத் தங்கள் மெஷினுக்கு நிறுத்திக்கொண்ட குழந்தைகள் அவர்கள். கம்பெனியின் பதிவேட்டில் அவர்கள் இல்லை.

1992இல் அமெரிக்க செனட்டர் ஹார்கின் குழந்தைத் தொழிலாளர் மசோதாவைக் கொண்டுவந்தார். 1996இல் குழந்தைத் தொழிலாளர் பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. வாங்குவோரின் நடத்தை நெறிகளும் தணிக்கைகளும் தொடர்ந்தன. ‘சேவ்’ போன்ற உள்ளூர் அமைப்புகள் குழந்தைகளை மெஷினிலிருந்து பள்ளிக்கு மீட்டன. இது பெரிய சாதனை, குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் தணிக்கையாளர் கேட்ட கேள்வி ஒன்றே: இந்தக் கூரைக்குக் கீழே பதினான்கு வயதுக்குக் குறைந்தவர் வேலை செய்கிறாரா? அதற்குப் பதில் காகிதத்தில் இருந்தது. கூரைக்கு வெளியே போன குழந்தை மாலையில் யாரிடம் இருக்கிறது என்பது எந்தத் தணிக்கையிலும் கேள்வி ஆகவில்லை.

நூல் மில்களின் கதை இன்னும் சிக்கலானது. திருப்பூருக்கு நூல் அனுப்பும் கோவை, ஈரோடு, திண்டுக்கல் வட்டார மில்கள் இரண்டாயிரத்தின் முதல் பத்தாண்டில் ‘சுமங்கலித் திட்டம்’ என்றும் ‘கேம்ப் கூலி’ என்றும் வழங்கிய முறையில் பதின்ம வயதுப் பெண்களைச் சேர்த்தன. ஏஜெண்ட் கிராமத்துக்குப் போவார், தென் மாவட்டத்து ஏழை வீடுகளில், பெரும்பாலும் தலித் வீடுகளில் பேசுவார். மூன்று ஆண்டு ஒப்பந்தம், முடிவில் மொத்தத் தொகை, அதுவரை மில் வளாகத்து ஹாஸ்டல். நெதர்லாந்தின் ‘சோமோ’வும் இந்தியா கமிட்டியும் 2011இலும் 2014இலும் வெளியிட்ட அறிக்கைகள், வளாகத்தை விட்டு வெளியே போகவும் வீட்டோடு தாராளமாகப் பேசவும் அந்தப் பெண்களுக்கு இருந்த தடைகளைப் பதிவுசெய்தன. ஆய்வாளர்கள் இதைக் கொத்தடிமை முறையின் கண்ணோட்டத்திலேயே பெரிதும் அணுகினார்கள். நம் பொருளுக்கு இதில் வேறொன்று முக்கியம். குழந்தைக் கொடுமையை வெளியே கொண்டுவரும் வழக்கமான கண்கள், அதாவது தாய், பாட்டி, டீச்சர், பக்கத்து வீட்டு அக்கா, எல்லாமே இங்கே வாயிற்கதவுக்கு வெளியே நின்றன. உள்ளே இருந்தவர்கள் சூப்பர்வைசரும் வார்டனும். போக்சோவின் 19ஆம் பிரிவு யார் யாரைத் தகவல் சொல்லக் கடமைப்பட்டவர் ஆக்கியதோ, அவர்களுக்குச் சம்பளம் தருவது மில்.

2014 ஜூனில் பொள்ளாச்சியில் ஒரு தனியார் விடுதிச் சிறுமிகள் இருவருக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகுதான், பெண்கள், குழந்தைகள் விடுதிகளையும் இல்லங்களையும் ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் அதே ஆண்டில் வந்தது. 2021 நவம்பரில் கோவையில் ஒரு மாணவி உயிரை மாய்த்துக்கொண்டாள். ஆசிரியரோடு, தெரிந்தும் சொல்லாத குற்றத்துக்காகப் பள்ளி முதல்வரும் கைதானார். 21ஆம் பிரிவு பொதுமக்கள் மனத்தில் பதிந்தது அந்தக் கைதால்தான். சட்டம் வந்து அதற்குள் ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

வயது

இந்த வட்டாரத்துக்கே உரிய சிக்கல் இதுதான் என்பதால் இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பதினான்கு முடிந்து பதினெட்டு முடியாதவரை, மருத்துவரின் தகுதிச் சான்றோடு வேலைக்கு அனுமதித்தது. வேலைக்கு வேண்டிய காகிதம் இப்படி ஒரு மருத்துவர் பார்த்து மதிப்பிட்ட வயதில் பிறந்தது. தணிக்கை கடுமையானபின் பதினெட்டு என்று எழுதிக்கொள்வதே எல்லாருக்கும் வசதியானது: ஏஜெண்டுக்கு, மில்லுக்கு, பணம் தேவைப்பட்ட வீட்டுக்கும். பதினாறு வயதுப் பெண் ஆவணத்தில் பதினெட்டு ஆகிறாள். அவளுக்குக் கொடுமை நேர்ந்தால், அவளைக் காக்க வேண்டிய சட்டத்தின் வாசலிலேயே அந்த ஆவணம் குறுக்கே நிற்கிறது.

பதிவேட்டில் பதினெட்டு என்றால், புகார் 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டத்தின்கீழ் உள்ளகக் குழுவுக்குப் போகும். அந்தச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, புகார்தாரர் கேட்டால் சமரசத்துக்கு இடம் தருகிறது. உண்மை வயது பதினாறு என்றால் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை. குழுவின் உறுப்பினர்களே போலீசுக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். ஒரே பெண், ஒரே சம்பவம். எந்தக் கதவு திறக்கும் என்பதை முடிவுசெய்வது வேலைக்குச் சேர்ந்த நாளில் எழுதப்பட்ட ஓர் எண்.

நீதிமன்றம் வயதை எப்படித் தீர்மானிக்கிறது? இளைஞர் நீதி விதிகள் காட்டும் வரிசைதான் பாதிக்கப்பட்டவருக்கும் பொருந்தும் என்று 2013இல் ஜர்னைல் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்று அந்த வரிசை இளைஞர் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவில் இருக்கிறது: பள்ளியின் பிறந்த தேதிச் சான்று அல்லது மெட்ரிக் சான்று, இல்லாவிட்டால் உள்ளாட்சியின் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோது மட்டும் எலும்பு வளர்ச்சிச் சோதனை. அந்தச் சோதனையிலோ இருபுறமும் இரண்டு ஆண்டு பிழை வரலாம் என்று 1982லேயே ஜெயமாலா வழக்கு ஒப்புக்கொண்டது. மில்களில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் பதினைந்துக்கும் பதினெட்டுக்கும் இடைப்பட்டவர்கள். அந்த இரண்டு ஆண்டுப் பிழை அவர்கள் தலைமீதே விழுகிறது.

2023 ஜூலையில் தமிழ்நாட்டிலிருந்து போன யுவபிரகாஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் போக்சோ தண்டனையை நீக்கியது. அரசுத்தரப்பு காட்டியது பள்ளி மாற்றுச் சான்றிதழ். அது 94ஆம் பிரிவு கேட்கும் ஆவணம் அல்ல. மருத்துவரின் மதிப்பீடோ பதினெட்டைத் தாண்டியது. சட்டப்படி தீர்ப்பு சரியே. ஆனால் எட்டாம் வகுப்போடு டி.சி. வாங்கி மில்லுக்கு வந்த பெண்ணிடம் வேறு என்ன காகிதம் இருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஊரில் பிறப்பைப் பதிந்திருந்தால் அந்தச் சான்றைத் தேடி எடுப்பது விசாரணை அதிகாரியின் முதல் வாரத்து வேலை. முதல் வாரத்தில் செய்யாதது விசாரணை நாளில் கிடைப்பதில்லை.

உடலில் தேடிய சான்று

நீண்ட காலம் நீதிமன்றங்கள் குழந்தையின் உடலில் சான்று தேடின. அமெரிக்காவில் ஜாய்ஸ் ஆடம்ஸ் குழுவினர் 1994இல் வெளியிட்ட ஆய்வு, குற்றவாளி தண்டிக்கப்பட்ட வழக்குகளின் 236 குழந்தைகளைப் பார்த்தது. தெளிவான மாறுபாடு தெரிந்தது 14 விழுக்காட்டினரிடம் மட்டுமே. 2002இல் ஆஸ்ட்ரிட் ஹெகர் குழுவினரின் 2,384 குழந்தைகளில் ஏறத்தாழ 96 விழுக்காட்டினரின் உடற்பரிசோதனை இயல்பாகவே இருந்தது. காயமின்மை எதையும் பொய்யாக்காது. இருந்தும் ‘காயம் இல்லை’ என்ற மருத்துவக் குறிப்பு விடுதலைக்கான வாதமாக இன்றும் எடுத்துவைக்கப்படுகிறது. இரு விரல் சோதனை அந்தரங்க உரிமையை மீறுவது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் தமிழ்நாட்டில் போக்சோ வழக்குகளில் அது நடந்துகொண்டிருந்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதைத் தடைசெய்ய அரசுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது.

அரசு மருத்துவமனைகள் பல வழக்குகளைக் கண்டுபிடிப்பது கர்ப்பத்தால். சிறுவர்களுக்கு அப்படி ஒரு வழியும் இல்லை.

கேட்கும் முறை

உடலும் காகிதமும் கைவிட்டால் மீண்டும் சொல்லுக்கே வருகிறோம். எப்படிக் கேட்பது என்பதில் மேலை நாடுகள் பெரும் விலை கொடுத்துப் பாடம் கற்றன. 1987இல் இங்கிலாந்தின் கிளீவ்லாந்தில் ஒரே ஆண்டில் 121 குழந்தைகள், பெரிதும் ஒரு விவாதத்துக்குரிய உடற்குறியை நம்பி, கொடுமைக்குள்ளானவர்கள் என்று முடிவுகட்டப்பட்டார்கள். கலிபோர்னியாவின் மெக்மார்டின் பள்ளி வழக்கில் பதிலைத் தூண்டும் கேள்விகளால் குழந்தைகளின் சாட்சியமே சிதைந்து, ஏழு ஆண்டு கழித்து 1990இல் ஒருவரும் தண்டிக்கப்படாமல் வழக்கு முடிந்தது. அதற்குப் பின் மைக்கேல் லாம் குழுவினர் உருவாக்கிய நேர்காணல் முறை எளிமையானது: திறந்த கேள்வி கேள், குழந்தை தன் சொற்களில் சொல்லட்டும், நீ எடுத்துக் கொடுக்காதே. தயங்கித் தாமதமாகச் சொல்வதும், சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்வதும் கொடுமைக்குள்ளான குழந்தைகளிடம் எதிர்பார்க்கத்தக்கவை என்று 1983லேயே ரோலண்ட் சம்மிட் எழுதியிருந்தார்.

இங்கே நடப்பதை எண்ணிப் பார்க்கலாம். குழந்தை முதலில் தாயிடம் சொல்கிறது. பிறகு டீச்சர், குழந்தைகள் நலக் குழு, மகளிர் காவல் நிலையம், மருத்துவர், மாஜிஸ்திரேட், கடைசியில் நீதிமன்றம். ஒவ்வோரிடத்திலும் வேறொருவர் கை எழுதுகிறது. கொச்சைப் பேச்சில் சொன்னது காவல் நிலையத்து வாக்கிய அமைப்புக்கு மாறுகிறது. தேதி தெரியாத குழந்தைக்குத் தேதி வைக்கப்படுகிறது. ஒன்றரை ஆண்டு கழித்துக் குறுக்கு விசாரணையில் இந்தக் காகிதங்களின் முரண்பாடுகள் குழந்தையின் முரண்பாடுகளாக முன்வைக்கப்படுகின்றன. எதிரியோ பெரும்பாலும் தெரிந்தவர். மாமன், வீட்டுக்காரர், அப்பாவுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர். தேசியக் குற்றப் பதிவுகளில் பத்துக்கு ஒன்பது வழக்குகளுக்கு மேல் அப்படித்தான். வீடு காலிசெய்யச் சொன்னால் குடும்பம் ஊருக்கே திரும்பிவிடுகிறது, சாட்சியும் கூடவே போய்விடுகிறது.

‘விதி’ சட்டக் கொள்கை மையம் 2022இல் வெளியிட்ட ஆய்வில், போக்சோ வழக்குகளில் 43.44 விழுக்காடு விடுதலையிலும் 14.03 விழுக்காடு மட்டுமே தண்டனையிலும் முடிந்திருந்தன. இந்த எண்களைப் பொய்ப் புகாரின் அளவாகப் படிப்பது தவறு. பதின்ம வயதினரின் காதல் வழக்குகளும் இந்த எண்களில் கலந்திருக்கின்றன. அசாம், மகாராஷ்டிரம், மேற்கு வங்கத்தின் 7,064 தீர்ப்புகளில் ஏறத்தாழ கால்பங்கு அத்தகையவை என்று ‘என்ஃபோல்ட்’ அமைப்பு கண்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அப்படியொரு வழக்கை ரத்து செய்தார். 2022 டிசம்பரில் டி.ஜி.பி. சைலேந்திர பாபு, இத்தகைய வழக்குகளில் அவசரக் கைது வேண்டாம் என்று சுற்றறிக்கை அனுப்பினார். பனியன் கம்பெனிகளில் ஒன்றாக வேலை செய்து மணந்துகொள்ளும் இளையோர் ஏராளம். மகளிர் நிலையத்தின் நேரத்தை அந்த வழக்குகள் விழுங்கும்போது, ஏழு வயதுக் குழந்தையின் வழக்குக்குக் கிடைக்க வேண்டிய கவனம் குறைகிறது.

இப்போது லைன் வீடுகளில் ஒடிசா, பீகார், ஜார்கண்ட் குடும்பங்களும் இருக்கின்றன. குழந்தைக்குப் புரியாத மொழியில் தகவல் பதியப்பட்டால் மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும் என்கிறது போக்சோவின் 19ஆம் பிரிவு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு அவர்களின் பட்டியலை வைத்திருக்க வேண்டும் என்கின்றன விதிகள். பட்டியல் கைக்கு எட்டாத இரவில் காவல் நிலையத்தில் இரண்டு மொழியும் தெரிந்தவராகக் கிடைக்கக்கூடியவர், அந்தக் குடும்பத்தை ரயிலேற்றிக் கூட்டிவந்த ஒப்பந்தக்காரர். குற்றம் சாட்டப்பட்டவரும் அவர் ஆட்களில் ஒருவராக இருக்கலாம். அவர் வாய்வழியாக வரும் முதல் வாக்குமூலத்தை எந்தப் பிரிவாலும் பின்னர் செப்பனிட முடியாது. ஒடியாவும் போஜ்புரியும் பேசும், யாரிடமும் கூலி வாங்காத பெண்கள் சிலரைக் கண்டறிந்து, பயிற்சி கொடுத்து, அவர்கள் எண்களை மகளிர் நிலையத்துச் சுவரில் எழுதிவைப்பது ஒரு மாவட்ட அலகால் செய்யக்கூடிய வேலைதான்.